அகல விளிம்புத் தொப்பி: பிரிம் ஏன் தொங்குகிறது?

நூல்கண்டு

தலைப்பிலேயே கேள்வி இருக்கிறது. சட்டை, கால்சட்டை, பை என்று தைத்துப் பழக்கம் உண்டு. தொப்பி இதுதான் முதல் முறை. வெயிலில் முகத்தையும் கழுத்தையும் மறைக்கிற மாதிரி, விறைப்பாக நிற்கிற பெரிய தொப்பி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வாங்கிய தொப்பி எதுவும் என் தலைக்கு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

செய்தது இது. தலைச் சுற்றளவு 57 செ.மீ. தளர்வுக்கு 1 செ.மீ. சேர்த்து 58. அதை 6.28ஆல் வகுத்து 9.2 செ.மீ. ஆரத்தில் உள்வட்டம் வரைந்தேன். அதைச் சுற்றி 11 செ.மீ. அகலத்துக்கு பிரிம், அதாவது வெளியே நீண்டு நிற்கிற விளிம்பு. நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி, மேல்பக்கத்துக்கு மட்டும் விறைப்புக்காக, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற உள்துணியான கேன்வாஸ். மேஜையில் வைத்தால் தட்டு மாதிரி இருக்கிறது. தலையில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் யானைக் காது.

சரி, கேன்வாஸ் போதவில்லை போலிருக்கிறது என்று ஓரத்தைப் பிரித்து அடித்துணிக்கும் ஓர் அடுக்கு ஒட்டினேன். கனம் கூடியது, தொங்கல் போகவில்லை. இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. 58க்குத் தைத்த தொப்பி இப்போது 60 காட்டுகிறது. குனிந்தால் மூக்கில் வந்து நிற்கிறது.

இதைவிடத் தடியான கேன்வாஸ் தேட வேண்டுமா? கம்பி போட வேண்டுமா? இல்லை, 11 செ.மீ. என்பதே பேராசையா?

கோணல்கத்திரி

கம்பி. வேறு பேச்சே வேண்டாம். தொப்பிக்கென்றே மேலே நூல் சுற்றிய கம்பி வருகிறது. அதை ஓரத்தில் வைத்து கிராஸ் பீஸால் (துணியை மூலைவாட்டில் வெட்டிய பட்டி) மூடித் தைத்துவிடுங்கள். ஓரச் சுற்றளவைவிட 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து நூலால் இறுகச் சுற்ற வேண்டும். முனையைச் சரியாக மூடாமல் விட்டால் ஒரு நாள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எனக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர் சட்டையில் மாட்டிக்கொண்டு, இருவரும் கொஞ்ச நேரம் மிக நெருக்கமாக நிற்க வேண்டியதாகிவிட்டது.

மழைக்குருவி

கம்பி போட்டால் மடித்துப் பையில் வைக்க முடியாதே.

நான் பக்ரம் என்கிற விறைப்பான முரட்டுத் துணியை உள்ளே வைத்துத் தைத்தேன். தைத்த அன்றைக்கு அதைப்போல ஒரு அழகு கிடையாது. ஆனால் பக்ரத்தின் விறைப்பே அதில் ஏற்றியிருக்கும் பசைதான், தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஒரு மழையில் நனைந்ததும் நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக் காயவிட்டேன். காய்ந்தபோது எந்த வடிவில் கிடந்ததோ அந்த வடிவிலேயே விறைத்துவிட்டது. இப்போது அது நாற்காலிக்குப் பொருத்தமான தொப்பி. துவைத்துப் போடுகிற தொப்பி வேண்டுமென்றால் பக்ரம் பக்கமே போகாதீர்கள்.

பழைய மெஷின்

நூல்கண்டு, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். தலை அகலத்தில், உயரமான டப்பா ஒன்றை எடுத்துத் தொப்பியை அதன் தலையில் மாட்டி வையுங்கள். பிரிம் எதிலும் படக்கூடாது. கால் மணி நேரம் விட்டுவிட்டு, மேஜையிலிருந்து ஓரம் வரைக்கும் ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் அளந்து, அதிகம் இறங்கிய இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருக்கிறதா, சில இடங்களில் மட்டுமா? அதைச் சொன்னால்தான் வைத்தியம் சொல்ல முடியும்.

நூல்கண்டு

அக்கா, அளந்துவிட்டேன். நேர் முன்னால், நேர் பின்னால், இரண்டு காதுப் பக்கம், இந்த நான்கு இடத்திலும் 17 செ.மீ. இவற்றுக்கு நடுவில் இருக்கிற நான்கு மூலைகளிலும் 14தான். வட்டத்துக்கு மூலை ஏது என்று சிரிக்காதீர்கள், நிஜமாகவே மூலை மாதிரிதான் தொங்குகிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

பழைய மெஷின்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். துணியின் குணம் அது.

நெசவுத் துணியில் பாவு ஒரு பக்கம் ஓடுகிறது, ஊடை அதற்குக் குறுக்கே. அதில் ஒரு வளையம் வெட்டினால் நான்கு இடங்களில் நூல் தலையிலிருந்து ஓரத்தை நோக்கி நேராக ஓடும். அங்கே துணி நிற்கும். அவற்றுக்கு நடுவில் நான்கு இடங்களில் துணி கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, விழும். கிராஸ் துணி எப்படி இழுபடும் என்று கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மேல் துணி, அடித் துணி, கேன்வாஸ் எல்லாவற்றையும் ஒன்றாக மடித்து வைத்து ஒரே வெட்டில் வெட்டியிருப்பீர்கள். அதனால் எல்லா அடுக்கின் பலவீனமும் ஒரே நான்கு இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த முறை மேல் துணியை நேராக வையுங்கள், அடித் துணியை 45 டிகிரி திருப்பி வெட்டுங்கள். கேன்வாஸ் நெய்ததாக இருந்தால், எந்தத் துணியில் ஒட்டுகிறீர்களோ அதற்கு 45 டிகிரி திருப்பி இருக்கட்டும். நெய்யாத, காகிதம் மாதிரி அழுத்திய ரகம் என்றால் பெரும்பாலும் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

58 எப்படி 60 ஆனது என்பதற்கும் இதே காரணம்தான். உள்வட்டமும் நான்கு இடத்தில் கிராஸ். வெட்டியதும், கையில் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால், தையல் கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி, தையலுக்கு விட்ட பகுதிக்குள் ஒரு ஓட்டம் ஓட்டிவிட வேண்டும். தையல் நீளம் 2 மி.மீ. போதும். அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியில் கத்திரியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுப்பது, தலையில் வைத்துப் பார்ப்பது எல்லாம். நீங்கள் முதலில் வெட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று முறை தலையில் மாட்டிப் பார்த்திருப்பீர்கள்.

நூல்கண்டு

ஐந்து முறை. கண்ணாடி முன்னால் நின்று.

அளவுநாடா

உள்ளே வரலாமா? எனக்குத் தையல் பாதிதான் தெரியும், ஆனால் வளைவு பற்றிக் கொஞ்சம் தெரியும்.

பிரிம்மில் ஒரு சின்னப் பட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தலையில் பிடித்திருக்கிறது, மறுமுனை காற்றில் நிற்கிறது. தன் எடையாலேயே அது தொங்குகிற அளவு நீளத்தின் நான்காவது அடுக்கு மாதிரி, அதாவது நீளத்தை நான்கு முறை வைத்துப் பெருக்கிய கணக்கில், ஏறும். 7 செ.மீ. பிரிம்மை 11 ஆக்கினால் அகலம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, தொங்கல் ஆறு மடங்கு. வளையம் வெறும் பட்டியைவிடக் கொஞ்சம் தாங்கும் என்றாலும் போக்கு இதுதான். எனவே 11 பேராசையா என்றால், கொஞ்சம் பேராசைதான். வெயிலுக்கான தொப்பிக்கு 7.5 செ.மீ.க்குக் குறையாமல் பிரிம் வையுங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. 10 வைத்தாலே தாராளம்.

இரண்டாவது கேன்வாஸ் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். விறைப்பு, தடிமனை மூன்று முறை வைத்துப் பெருக்கிய கணக்கில் ஏறும். இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்து ஒரே தகடாக நின்றால் விறைப்பு எட்டு மடங்கு, எடை இரண்டு மடங்கு. லாபம். ஆனால் ஓரத்தில் மட்டும் தைத்து நடுவில் சும்மா விட்டால் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அப்போது விறைப்பு வெறும் இரண்டு மடங்கு, எடையும் இரண்டு மடங்கு. கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. ஒரு கட்டுக் காகிதத்தைப் பிடித்து வளைத்துப் பாருங்கள், தாள்கள் சறுக்கிக்கொண்டே வளையும். அதே கட்டைப் பசை போட்டு ஒட்டினால் பலகை. நீங்கள் செய்தது காகிதக் கட்டு.

பழைய மெஷின்

அளவுநாடா தம்பி, இத்தனை வருடம் பிரிம்மில் வரி வரியாகத் தையல் ஓட்டுகிறேன், 'அப்படி ஓட்டினால் நிற்கும்' என்று மட்டும்தான் தெரியும். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வரிகள்தான் அடுக்குகளை வழுக்கவிடாமல் பிடிக்கின்றன, இல்லையா?

அளவுநாடா

அதேதான் அக்கா. நெருக்கமாக ஓட்ட ஓட்டப் பலகை ஆகிக்கொண்டே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு வட்டமாக வெட்டிய பிரிம் தட்டையாக நிற்கத்தான் பிறந்தது. நூல்கண்டு வெட்டியதில் வெளி ஓரம் 127 செ.மீ. அது கீழே இறங்கினால் அந்த 127க்கு அங்கே இடம் போதாது, அதனால்தான் ஒரே சீராக இறங்க முடியாமல் நான்கு மூலையில் அலையடிக்கிறது. முதலிலேயே கொஞ்சம் சரிவாக, கூம்பு மாதிரி வெட்டிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. தட்டையான காகிதத்தைவிடக் கூம்பாகச் சுருட்டிய காகிதம் விறைப்பு.

360 டிகிரிக்குப் பதிலாக 330 டிகிரி எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே 30 டிகிரியை நறுக்கி எறிந்தால் தலை நுழையாது, உள் ஆரத்தைக் கூட்ட வேண்டும். 9.24 × 360 ÷ 330, அதாவது சுமார் 10.1 செ.மீ. வெளி ஆரம் 20.1. தைத்தபின் வெளி ஓரம் சுமார் 116 வரும், சரிவு ஏறத்தாழ 24 டிகிரி. இன்னும் இறங்கிய தோற்றம் வேண்டுமென்றால் 300 டிகிரி, உள் ஆரம் 11.1, சரிவு 34 டிகிரிக்குப் பக்கம். ஆனால் அது முகத்தை ரொம்ப மறைக்கும், பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்றே தெரியாது.

கோணல்கத்திரி

கணக்கெல்லாம் சரி. காற்று அடித்தால் என்ன செய்வீர்கள், நான்காவது அடுக்கு என்று காற்றிடம் சொல்வீர்களா? கம்பி போடுங்கள் என்கிறேன்.

பழைய மெஷின்

கம்பி தப்பே இல்லை, கோணல். ஓரம் அலையடிக்காமல் ஒரே மட்டத்தில் பிடிப்பதற்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் நீளம் பொருந்த வேண்டும். கம்பி வளையம் ஓரத்தைவிடப் பெரியதாக இருந்தால் பிரிம் அலை அலையாக நிற்கும், சின்னதாக இருந்தால் கிண்ணம் மாதிரி குவியும். நன்றாகத் தைத்த பிரிம்மையும் ஒரு செ.மீ. கம்பி கெடுத்துவிடும். பலவீனமான பிரிம்மை மறைக்கக் கம்பி போடுவது வேறு, பிரிம் தானாக நின்றபிறகு ஓரத்துக்குப் பொட்டு வைப்பது மாதிரிப் போடுவது வேறு. மழைக்குருவி மாதிரி மடித்து வைக்கிறவர்கள், ரவிக்கையில் வைக்கிறார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டியை ஓரத்தில் நுழைத்துக்கொள்ளலாம். சுருட்டினாலும் விட்டதும் விரிந்துவிடும்.

பொத்தான்

புதியவன். இரண்டு சின்னக் கேள்வி. மெஷின் இல்லாமல் கையால் முடியுமா? தொப்பியின் மேல்வட்டம் வட்டமா, முட்டை வடிவமா?

அளவுநாடா

முட்டை. தலை வட்டம் இல்லை. 58 செ.மீ. சுற்றளவுக்கு, சுற்றுப்பட்டி (மேல்வட்டத்துக்கும் பிரிம்முக்கும் நடுவில் வருகிற பக்கத் துணி) நேராக நிற்கும் என்றால், நீளம் 20, அகலம் 16.8 வைத்தால் கணக்குச் சரியாக வரும். பட்டி மேலே போகப் போகக் குறுகினால் மேல்வட்டமும் சின்னதாகும்.

பழைய மெஷின்

கையால் முடியும். பின்தையல் போடுங்கள். விரல் கவசம் இல்லாமல் இறங்காதீர்கள், பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு, கேன்வாஸ் ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை, பாதித் தொப்பி அங்கேதான் கெடுகிறது. துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். கேன்வாஸைத் தையல் கோடு வரைக்கும் மட்டும் வெட்டுங்கள், தையலுக்கு விட்ட துணியில் கேன்வாஸ் ஏறினால் தலைத் தையல் கட்டை மாதிரி நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காதீர்கள். ஓர் இடத்தில் வைத்து அழுத்திப் பத்துப் பதினைந்து விநாடி, தூக்கி அடுத்த இடம். தேய்த்தால் வளையம் நீள்வட்டம் ஆகிவிடும். ஒட்டி முடித்ததும் சூடு ஆறும் வரை கையே வைக்கக்கூடாது. சூட்டோடு தூக்குவதால்தான் பின்னால் குமிழ் குமிழாக எழும்புகிறது.

மழைக்குருவி

அடித் துணிக்கு அடர்ந்த நிறம் போடுங்கள். நான் வெள்ளை போட்டு, தரையிலிருந்து எதிரொளிக்கிற வெளிச்சம் பூராவும் கண்ணில் வந்து விழுகிறது.

நூல்கண்டு

பதினாறு நாள் கழித்து வருகிறேன். இரண்டாவது தொப்பி முடிந்தது.

330 டிகிரி, 10 செ.மீ. பிரிம். அடியில் கருநீலம். மேலும் கீழும் கேன்வாஸ், துணிகள் 45 டிகிரி திருப்பி. பின்பக்கத் தையலில் கேன்வாஸ் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் முட்ட வைத்தேன். உள்வட்டத்தில் முதல் வேலையாக ஓட்டம் போட்டேன், கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

வரித்தையல்தான் உயிரை வாங்கியது. வரிக்கு வரி 6 மி.மீ. இடைவெளி, உள்ளேயிருந்து வெளியே போகும்போது பதினாறு வரி. சராசரிச் சுற்றளவை வைத்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட 14 மீட்டர் தையல், ஒரே வட்டத்துக்குள்! ஊசி 100/16, தையல் நீளம் 3 மி.மீ. ஐந்தாவது வரிவரை எல்லாம் நன்றாகப் போனது. ஒன்பதாவது வரியில் பார்த்தால் மேல் துணி ஒரு சின்ன அலையாகச் சேர்ந்து, மெஷின் பாதத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. அடியில் இருக்கிற பல் கீழ்த் துணியை இழுக்கிறது, மேல் துணி பின்தங்குகிறது. அந்த அலை பின்பக்கத் தையலுக்கு வந்து சேர்ந்தபோது அரை செ.மீ. மடிப்பு.

மூன்று வரியைப் பிரித்தேன். பிரித்துவிட்டுக் கடிகார முள் மாதிரி தலையிலிருந்து ஓரத்துக்குப் பன்னிரண்டு கோடு, கையால் தளர்வான ஓட்டுத்தையல் போட்டு, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். அதற்குப் பிறகு அலை இல்லை. நடுவில் ஊசியில் கேன்வாஸ் பசை ஒட்டித் தையல் விட்டுவிட்டு விழுந்தது. இரண்டு வரிக்கு ஒருமுறை ஊசியைத் துடைக்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

டப்பா சோதனை: முன்னால் 16, மூலைகளில் 15.5. அரை செ.மீ.தான்! இரண்டு மணி நேரம் தலையில் வைத்திருந்தும் அப்படியே இருக்கிறது. சுற்றளவு 58.

ஆனால் ஒன்று. நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்துகிறது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி. அளவு சரியாக இருக்கும்போது ஏன்?

பழைய மெஷின்

மேல்வட்டத்தை முட்டையாக வெட்டினீர்கள். பிரிம்மின் உள்வட்டம்?

நூல்கண்டு

வட்டம்...

பழைய மெஷின்

முதல் தொப்பி தொளதொள என்று இருந்ததால் தலைக்குத் தகுந்த மாதிரி வளைந்து கொடுத்தது. இப்போது பிரிம் பலகை ஆகிவிட்டது, அது வட்டமாகத்தான் நிற்பேன் என்கிறது. பிரிக்க வேண்டாம். ஈரத்துணி போட்டு, தலைத் தையலைச் சுற்றி ஆவி நன்றாக ஏறும்படி சூடு காட்டுங்கள். சூடாக இருக்கும்போதே உள்ளே முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி 20 செ.மீ. நீளத்தில் ஏதாவது கட்டையை முட்டுக் கொடுத்து, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். கேன்வாஸ் பசை சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் உள்பட்டி, தொப்பிக்குள்ளே தலையில் படுகிற பட்டி. அது இன்னும் வைக்கவில்லைதானே? ஓரத்தில் சின்னச் சின்ன நெளிவு இருக்கிற தொப்பி ரிப்பன் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஆவி காட்டி வளைத்தால் வளைந்து நிற்கும். ஓரம் நேராக இருக்கிற சாதாரண ரிப்பன் வளையாது, சுருக்கம் விழும். 58க்குச் சரியாக வெட்டி இணைத்து, தலைத் தையலின் விட்ட துணியோடு வைத்துத் தைத்து உள்ளே திருப்பிவிடுங்கள். கடைசியில் அளவைப் பிடித்து வைப்பது அந்தப் பட்டிதான். இணைப்பு பின்பக்கம் வரட்டும், எது முன் எது பின் என்று இருட்டிலும் தெரியும்.

நூல்கண்டு

முட்டுக் கொடுத்து வைத்தேன் அக்கா. இரண்டு தடிப் புத்தகமும் ஒரு மரக்கரண்டியும். காலையில் எடுத்து மாட்டினால் காதுப் பக்க இடைவெளி பாதிக்குமேல் போய்விட்டது. மீதியை உள்பட்டி பார்த்துக்கொள்கிறது. அடுத்ததற்கு உள்வட்டத்தையும் முட்டையாக வெட்டுவேன்.

கோணல்கத்திரி

சும்மா இருக்க முடியாமல் என் மூன்று தொப்பியையும் டப்பா மேல் வைத்து அளந்தேன். இரண்டு பரவாயில்லை. மூன்றாவதில் சுற்றிலும் ஏற்ற இறக்கம், ஓர் இடத்தில் ஒன்றரை செ.மீ. வித்தியாசம். கம்பி போட்டும்!

பழைய மெஷின்

கம்பி நீளம் கூடிப்போயிருக்கும். இணைப்பு இருக்கிற இடத்தில் கிராஸ் பீஸை ஒரு சாண் பிரித்து, சுற்றிய நூலை அவிழ்த்துவிடுங்கள். கம்பி தானே கொஞ்சம் வெளியே வழுக்கி வரும். வந்த அளவுக்கு வெட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இந்த முறை முனையை மூடுங்கள்.